தரிசு என்று எழுதினால் கணக்கு முடிந்துவிடாது: நிலமும் மின்சாரமும் சேரும் இடத்தில் நடக்கும் தவறுகள்

சூரிய மின்சாரத்துக்கோ உயிரி எரிபொருளுக்கோ நிலம் தேடும் அறிக்கை எதைத் திறந்தாலும், முதல் சில பக்கங்களிலேயே ‘தரிசு’ என்ற சொல் வந்துவிடும். சும்மா கிடக்கிற நிலம், எடுத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆகவே நிலத்தின் விலை பூஜ்ஜியம் என்று கணக்கு ஓடும். பருவநிலை மாற்றம், நிலப் பயன்பாடு, எரிசக்திப் பொருளாதாரம் மூன்றையும் சேர்த்துப் படிக்கும் மாணவர்களின் அறிக்கைகளைப் பல வருடங்களாகத் திருத்தி வருகிறேன். நான் சிவப்பு மையில் வட்டமிடுகிற தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு சொல்லிலிருந்துதான் கிளம்புகின்றன.

தரிசு என்பது மண்ணைப் பற்றிய சொல் இல்லை, வரியைப் பற்றிய சொல். ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’, ‘மேய்ச்சல் புறம்போக்கு’ என்றெல்லாம் நம் கிராமப் பதிவேடுகளில் இன்றும் இருப்பவை பிரிட்டிஷ் காலத்து நிலவரித் திட்டத்தின் மிச்சம். பட்டா வாங்கி வரி கட்ட ஆளில்லாத நிலம் என்பதே அதன் பொருள். அங்கே ஆடு மேய்கிறதா, விறகு வெட்டுகிறார்களா என்று பதிவேடு கேட்பதே இல்லை. மத்திய அரசின் 2019ஆம் ஆண்டுத் தரிசுநில வரைபடத் தொகுப்பு, நாட்டில் சுமார் 5.58 கோடி ஹெக்டேர், அதாவது மொத்தப் பரப்பில் ஏறக்குறைய 17 சதவீதம், தரிசு என்கிறது. இந்த எண்ணை எடுத்து ‘இத்தனை நிலம் கைவசம் இருக்கிறது’ என்று எழுதுவதுதான் முதல் தவறு.

விதை எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கலாம் என்று நட்ட காட்டாமணக்கின் கதை பலருக்கு நினைவிருக்கும். 2003இல் மத்திய திட்டக்குழுவின் அறிக்கை அதைத் தூக்கிப் பிடித்தது. 2009இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017க்குள் பெட்ரோலிலும் டீசலிலும் 20 சதவீதம் உயிரி எரிபொருள் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. உணவுப் பயிரைத் தொட மாட்டோம், தரிசில் மட்டும் நடுவோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் பாய்ச்சாத இடத்தில் செடி நின்றது, காய்க்கவில்லை. நம்பி நட்ட விவசாயிகள் பலர் பிடுங்கிப் போட்டார்கள்.

காய்க்காமல் போனதை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அதற்கு முன் அந்த நிலம் சும்மா இருக்கவில்லை. தென் தமிழ்நாட்டில் தரிசு என்று குறிக்கப்பட்ட இடங்களில் பெரும்பாலும் நிற்பது சீமைக்கருவேலம். முதுகுளத்தூர் பக்கம் ஒரு கரிமூட்டத்துக்கு ஒருமுறை மாணவர்களை அழைத்துப் போயிருந்தேன். வெட்டிய விறகை வட்டமாக அடுக்கி, மேலே இலைதழை பரப்பி, ஈரமண் பூசி, அடியில் தீ வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள். அங்கிருந்த அம்மா ஒருவர் ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். “புகை வெள்ளையா வந்தா உள்ள இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம் சார். நீலம் தட்டுச்சுன்னா அந்த ஓட்டைய அடைச்சிரணும். விட்டா அம்புட்டும் சாம்பலாயிரும்” என்றார். ராத்திரியிலும் முறை வைத்து எழுந்து பார்க்க வேண்டுமாம். எங்கள் கையில் இருந்த வரைபடத்தில் அந்த இடத்தின் நிறம் தரிசுக்குரிய நிறம்தான்.

இந்த மாதிரி நிலங்களை வைத்து ஜெனிஃபர் பாகா என்ற ஆராய்ச்சியாளர் தமிழ்நாட்டில் களஆய்வு செய்திருக்கிறார். கருவேலம் ஏற்கெனவே தந்துகொண்டிருந்த எரிசக்தியையும், அதை அகற்றிவிட்டுக் காட்டாமணக்கு நட்டால் கிடைக்கக்கூடிய எரிசக்தியையும் ஒப்பிட்டார். எவ்வளவு குறைத்துக் கணக்கிட்டாலும் கருவேலத்திலிருந்து இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தது. எரிசக்தி தருவதற்காகக் கொண்டுவந்த திட்டமே எரிசக்தியைக் குறைத்திருக்கும்! அடுப்பு, செங்கல் சூளை, கரி, உயிரிப்பொருள் மின்நிலையம் என்று போய்க்கொண்டிருந்த விறகை யாரும் எண்ணிப் பார்க்காததால் வந்த வினை. கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கண்மாயை அடைப்பதும் மேய்ச்சலைத் தின்பதும் உண்மை, மூட்டத்துப் புகை நுரையீரலுக்குக் கேடு என்பதும் உண்மை. புதியதன் லாபத்தை எழுதும்போது பழையதன் இழப்பையும் பக்கத்தில் எழுதவேண்டும், அவ்வளவுதான்.

இதே தவறு எல்லை தாண்டியும் நடக்கும். அமெரிக்க மக்காச்சோள எத்தனால் பெட்ரோலை விடச் சுமார் 20 சதவீதம் குறைவாகக் கார்பன் மாசு தருகிறது என்று கணக்குக் காட்டினார்கள். 2008இல் திமோத்தி சர்ச்சிங்கர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரின் குழுவினர் ஒரு கேள்வி கேட்டார்கள்: மக்காச்சோளம் வண்டியின் டேங்குக்குள் போய்விட்டால், அதைத் தின்றுகொண்டிருந்தவர்களுக்கு யார் விளைவிப்பது? விலை ஏறும், வேறு எங்கோ காடும் புல்வெளியும் உழவுக்கு வரும். அப்படி உழும்போது வெளியாகும் கார்பனையும் சேர்த்தால் 30 ஆண்டுக் கணக்கில் மாசு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்றார்கள். பிறகு வந்த ஆய்வுகள் பலவும் இந்த எண்ணை நன்றாகவே குறைத்தன. ஆனால் கேள்வி செல்லுபடியாகாது என்று யாராலும் தள்ளிவிட முடியவில்லை. நமக்கும் இது தூரத்துச் சங்கதி இல்லை. எத்தனாலுக்கு மக்காச்சோளம் போக ஆரம்பித்ததும் தீவன விலை ஏறி, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் தவித்தார்கள். ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்தது. எத்தனால் ஆலையின் வாசலோடு கணக்கை முடித்துக்கொள்கிற அறிக்கையில் இதெல்லாம் தெரியாது.

சரி, அப்படியானால் நிலத்தில் சூரியத் தகடு போடுவதே தப்பா? இப்படி எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறுதான், அதுவும் பெரிய தவறு. 2016இல் தொடங்கிய கமுதி சூரிய மின்நிலையம் 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர். அதாவது மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 4 ஏக்கர். நம் வெயிலில் ஒரு மெகாவாட் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் யூனிட் தரும். இந்திய மின்கட்டமைப்பில் இப்போது ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. பெருக்கிப் பாருங்கள்: 4 ஏக்கரிலிருந்து வருடத்துக்கு 1,100 டன்னுக்கு மேல் மிச்சம். அதே இடத்தில் மரம் நட்டு நன்றாக வளர்ந்தாலும் சில பத்து டன்தான் பிடித்து வைக்கும். விறகோடு ஒப்பிட்டாலும் அப்படித்தான். ஏக்கருக்கு 3 டன் காய்ந்த விறகு என்று வைத்துக்கொண்டால், மின்நிலையத்தில் எரித்து 3,000 யூனிட் எடுக்கலாம். சூரியத் தகடு அதே ஏக்கரில் 4 லட்சம் யூனிட் தருகிறது. ஆகவே யூனிட்டை எண்ணினால் தகடு பல மடங்கு மேல். ஆனால் மூட்டம் போட்ட அம்மாவின் கூலி அந்த 4 லட்சம் யூனிட்டில் எங்கும் இல்லை. இரண்டையும் ஒரே எண்ணாகச் சுருக்காமல், தனித்தனி வரியாக எழுதச் சொல்வேன். இழப்பு யாருக்கு, எவ்வளவு என்று தெரிந்தால்தான் ஈடு கொடுக்க முடியும்.

இன்னொன்று, அந்த 0.7ஐ அடுத்த 25 வருடத்துக்கும் அப்படியே போட்டுப் பெருக்குவார்கள். நிலக்கரி குறையக் குறைய அந்த எண்ணும் இறங்கும்.

மெகாவாட்டையும் யூனிட்டையும் குழப்புவது செய்திகளில் தினமும் நடக்கிறது. 1,000 மெகாவாட் அனல்மின் நிலையத்தை மூடிவிட்டு 1,000 மெகாவாட் சூரியசக்தி போட்டால் சரியாகிவிடும் என்பது போல எழுதுகிறார்கள். வருடம் முழுக்க முழுவீச்சில் ஓடினால் ஒரு மெகாவாட் 87.6 லட்சம் யூனிட் தரும், சூரியனுக்கு 16 லட்சம். போதாக்குறைக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஏசி போடுபவர்களுக்கு மத்தியான யூனிட் உதவாது. காற்றாலையும் அப்படித்தான்: காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழியில் காற்று மே முதல் செப்டம்பர் வரை நன்றாக வீசும், மற்ற மாதங்களில் அந்தளவு எதிர்பார்க்க முடியாது.

வட்டியை மறப்பது கடைசியாகச் சொல்ல வேண்டிய தவறு. நிலக்கரியில் செலவு தினசரி எரிபொருளாகப் போகிறது. சூரியசக்தியில் முதல் நாளே மொத்தமாகப் போகிறது. ஒரு மெகாவாட்டுக்கு 4 கோடி ரூபாய், 25 வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்பைச் சேர்க்காமல் பார்த்தால், 6 சதவீத வட்டியில் யூனிட் சுமார் 2 ரூபாய், 12 சதவீதத்தில் 3 ரூபாய் 20 காசு. அதே தகடு, அதே வெயில். ஆகவே ‘சூரிய மின்சாரத்தின் விலை இவ்வளவு’ என்று எழுதுமுன் என்ன வட்டிக்கு என்று எழுதுங்கள்.

நிலத்தைப் பார்க்கப் போகிற மாணவர்களிடம் எந்த மாதத்தில் போகிறீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் போவார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஆட்டு மந்தைகளை ஊர் ஊராக ஓட்டிச் சென்று மேய்ப்பவர்கள், அப்போது ஊரில் இருக்க மாட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். மே மாதம் போய்ப் பார்த்தால் புல்லும் இருக்காது, ஆடும் இருக்காது, ‘பயன்பாடு எதுவும் இல்லை’ என்று எழுதத்தான் தோன்றும். மழை விழுந்து புல் தழைத்து மந்தைகள் ஊர் திரும்பிய பிறகு, கார்த்திகை வாக்கில், அதே இடத்துக்கு இன்னொரு தடவை போய்வந்துவிட்டு அந்தப் பத்தியை எழுதுங்கள்.