பன்றி விரட்ட ரப்பர் தோட்டா: செனாப்பாங் (துப்பாக்கி) வைத்திருப்பவர்களுக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனையை (எண்ணெய்ப்பனையை) மறுநடவு செய்த இடமெல்லாம் காட்டுப்பன்றிக்கு ராத்திரி விருந்துதான். இளங்கன்றின் அடியைக் கிளறிச் சாய்த்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போகும். காலையில் போய்ப் பார்த்தால் மட்டைகள் அப்படியே கிடக்கும், நடுவில் மட்டும் குழி. கன்றைச் சுற்றிக் கம்பி வலை கட்டுவதுதான் முதல் வேலை. அதையும் முட்டிக்கொண்டு வருகிற கூட்டத்துக்குத்தான் துப்பாக்கி.

முதலில் காகித வேலை. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் சுடலாம். மச்சான் கேட்டார், தண்டல் (தோட்டத்து மேற்பார்வையாளர்) கேட்டார் என்று ஒரு ராத்திரிக்குக் கொடுப்பதெல்லாம் வேண்டாம். அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, கூடவே ரோத்தான் (பிரம்படி). ரப்பர் தோட்டாவும் தோட்டாதான். போலிஸ் நிலையத்தில் கேட்டு, அனுமதி வாங்கிய பிறகே கடைக்குப் போங்கள். விலங்கு விஷயத்துக்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். யானை, கரடி வந்தால் துப்பாக்கியைத் தொடவே கூடாது. அவர்களுக்குப் போன் போட்டுவிட்டு வீட்டுக்குள் இருங்கள்.

12 போர் (குழல் அளவு) துப்பாக்கிக்கு இரண்டு வகை கிடைக்கும். ஒன்று வெடித் தோட்டா: பறந்து போய்த் தொலைவில் வெடிக்கும், சத்தம்தான் வேலை செய்யும். இன்னொன்று ரப்பர் குண்டு: உடம்பில் பட்டு வலிக்கும். முதலில் சத்தம், அதற்கும் அசையாத பன்றிக்குத்தான் ரப்பர். வெயில் காலத்தில் காய்ந்த ஓலைக் குவியல் பக்கம் வெடித் தோட்டா வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் பன்றி தின்றதைவிட நஷ்டம் அதிகம்.

ரப்பர்தானே என்று அலட்சியம் கூடாது. கிட்டத்திலிருந்து சுட்டால் தோலைக் கிழித்து உள்ளே போகும், உயிரும் போகலாம். எவ்வளவு தூரத்துக்குக் குறையக் கூடாது என்று பெட்டியில் போட்டிருக்கும். இருட்டில் அந்தத் தூரத்தை எப்படி அளப்பது? மரத்தை எண்ணுங்கள். செம்பனையை வழக்கமாக 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள், ஒரே வரிசையில் மூன்று மரம் தள்ளி என்றால் 27 மீட்டர். டார்ச் அடித்து, பன்றி முழுதாகத் தெரிந்து, அதற்குப் பின்னால் லைன் வீடோ (தொழிலாளர் குடியிருப்போ) ரோடோ இல்லை என்றால் மட்டும் பின்தொடையைக் குறிவையுங்கள். தலையும் வயிறும் வேண்டாம். அடிபட்ட தாய்ப்பன்றி ஓடாமல் நம் பக்கமே திரும்பும். அதனால் லோரியோ ஜீப்போ பக்கத்தில் நிற்கட்டும்.

குரங்குக்கு ரப்பர் போடாதீர்கள். உடம்பு சின்னது, முகத்தில் பட்டால் கண் போய்விடும்; குட்டி வேறு வயிற்றில் தொங்கும். குப்பைத் தொட்டியை மூடி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கோவில் வாசலில் வாழைப்பழம் கொடுத்துப் பழக்கிவிட்டு அப்புறம் குரங்குத் தொல்லை என்று புலம்புகிறவர்களை என்ன சொல்ல!

இப்போது நான் மிகவும் வற்புறுத்துகிற விஷயம். இந்தத் தோட்டாக்களில் வெடிமருந்து குறைவு. சில நேரம் உள்ளிருக்கும் அடைப்பு வெளியே போகாமல் குழலிலேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து உங்கள் கைதான் போகும். ஆகவே ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும் செனாப்பாங்கை மடக்கித் திறங்கள், சுட்ட தோட்டாவின் காலி ஓட்டை வெளியே எடுங்கள், பின்பக்கமிருந்து குழல் வழியாக டார்ச் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தால் சரி. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் உடனே திறக்காமல், குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி கொஞ்ச நேரம் பொறுங்கள். தானாக ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி இதற்குச் சரிவராது, குறைந்த மருந்துக்கு அது இயங்காது. வாய் குறுகிய குழலும் ஆகாது.

ஈயத் தோட்டாவை வீட்டில் பூட்டிவிட்டு வாருங்கள். இரண்டும் ஒரே பையில் கிடந்தால் இருட்டில் கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. காதுக்கு அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

தினமும் ஒரே இடத்தில் நின்று சுட்டால் பன்றிக்குப் பழகிவிடும். நேரத்தையும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். வீடு திரும்பியதும், எவ்வளவு தூக்கம் வந்தாலும் குழலைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுப் படுங்கள். சில வெடித் தோட்டாக்களில் கருமருந்து இருக்கும். நம் ஊர் ஈரத்துக்கு அது சீக்கிரமே துரு ஏற்றிவிடும்.