பிரான்ஸ் கிராமச் சாலைகளில் சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சில் சைக்கிளுக்கு ஏற்ற அமைதியான சாலைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு காரின் அகலத்துக்குச் சற்றே கூடுதலான தார்ச்சாலை, நடுவில் கோடு கிடையாது, இரண்டு பக்கமும் கோதுமையோ சூரியகாந்தியோ, எப்போதாவது ஒரு டிராக்டர். அப்படிப்பட்ட சாலைகள் ஏறக்குறைய எல்லா மாவட்டங்களிலும் உண்டு. ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் பலர் லாரிகளுக்கு நடுவே நாள் முழுக்க ஓட்டிவிட்டு, பயந்துபோய்த் திரும்புகிறார்கள். பக்கத்திலேயே, ஒரு கிலோமீட்டர் தள்ளி, அதே ஊருக்குப் போகும் வெறிச்சோடிய சாலை ஒன்று இருந்திருக்கும்.

சிக்கல் சாலை எண்ணில் ஆரம்பிக்கிறது. ‘ஏ’ (A) என்று தொடங்குபவை மோட்டார்வே. அங்கே சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. ‘என்’ (N) தேசியச் சாலை. அதையும் பார்த்தவுடன் ஒதுக்கிவிடுவோம். மிச்சம் இருக்கும் ‘டி’ (D) சாலைகள் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பவை என்பதால், எல்லாமே சின்னச் சாலைகள் என்று நினைத்துவிடுகிறோம். மாட்டிக்கொள்வது இங்கேதான். 2006 வாக்கில் பிரெஞ்சு அரசு தேசியச் சாலைகளில் பெரும்பகுதியை மாவட்டங்களிடம் ஒப்படைத்துவிட்டது. எழுத்து மாறியது, எண் மாறியது, போக்குவரத்து அப்படியேதான் இருக்கிறது. கஹோரிலிருந்து துலூஸ் பக்கம் போகும் டி 820 என்பது பழைய ‘என்’ 20. கிரனோபிளுக்குத் தெற்கே இறங்கும் டி 1075 என்பது பழைய ‘என்’ 75. பழைய எண்ணுக்கு முன்னால் 6, 8, 9, 10 என்று எதையாவது சேர்த்துப் புது எண் கொடுத்தார்கள். ஆகவே 600க்கு மேற்பட்ட டி எண்ணைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்; ஆயிரத்தைத் தாண்டினால் நிறையவே சந்தேகப்படுங்கள். 900களில் அமைதியான மலைச்சாலைகளும் உண்டு என்பதால் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது.

அதைவிட நம்பகமானது மேப்பில் இருக்கும் நிறம். மிஷ்லின் நிறுவனம் வெளியிடும் மேப்பில் சிவப்பு பெரிய சாலை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை சின்னது. வெள்ளையோடு வெள்ளையைக் கோத்துப் பாதை போடுங்கள். மஞ்சளைக் கடப்பதற்கும், வேறு வழியில்லாத இரண்டு மூன்று கிலோமீட்டருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாலையின் மேலேயே சின்ன அம்புக்குறிகள் இருக்கும். ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். பைகளைக் கட்டிக்கொண்டு போகிறவர் மூன்று அம்புள்ள ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

செல்போன் செயலியிடம் வழியை முழுக்க ஒப்படைப்பதும் ஆபத்து. கார்களைத் தவிர்க்கச் சொன்னால் சில செயலிகள் வயல் வரப்பை ஒட்டிய டிராக்டர் தடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். சந்தேகமான துண்டுகளை முந்தின நாள் இரவே கூகுள் ஸ்ட்ரீட் வியூ படங்களில் பாருங்கள். தார் தெரிந்தால் போகலாம்.

மலை இல்லாத இடம் என்றால் சுலபம் என்ற எண்ணமும் காலை வாரும். தென்மேற்கில் இருக்கும் ஜேர்ஸ் மாவட்டம் இதற்கு நல்ல உதாரணம். உயரமான மலை எதுவும் அங்கே இல்லை. ஆனால் ஜேர்ஸ், பயீஸ், ஆராட்ஸ், ஜிமோன் ஆறுகள் தெற்கே லான்மசான் மேட்டுநிலத்திலிருந்து விசிறி விரித்ததுபோல வடக்கு நோக்கி ஓடுகின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் அடுத்த ஆற்றுக்கும் நடுவே ஒரு மேடு. கிழக்கு மேற்காகப் பாதை போட்டவர் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் ஒரு மலைக்கணவாய் ஏறிய கணக்கு வரும். வடக்கு தெற்காகப் பள்ளத்தாக்கோடு போனால் அதே ஊர்களைச் சுகமாகப் பார்க்கலாம். அதிலும் ஒரு கவனம் தேவை: ஜேர்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அஜான் – ஓஷ் தேசியச் சாலை ஓடுகிறது. ஆகவே பக்கத்துப் பள்ளத்தாக்கான ஆராட்ஸே நல்லது.

புகழ்பெற்ற அழகைத் துரத்திக்கொண்டு ஆகஸ்டில் போவது அடுத்த தவறு. தோர்தோன் ஆற்றங்கரையில் லா ரோக் கஜாக், பெய்னாக் கிராமங்களைப் படத்தில் பார்த்து மயங்காதவர் இல்லை. அந்த ஊர்கள் வழியாகப் போகும் டி 703 ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு என்று ஒடுங்கிய சாலை. ஜூலை, ஆகஸ்டில் அதில் கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் ஊர்ந்துகொண்டிருக்கும். மே, ஜூன், செப்டம்பரில் போங்கள். கோடையில்தான் லீவு கிடைக்கும் என்றால் க்ரூஸ், கொரேஸ், நியேவ்ர், லோசேர் மாதிரி அதிகம் பேசப்படாத மாவட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். லோசேர் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 80 ஆயிரத்துக்குக் குறைவு. என்னைக் கேட்டால், க்ரூஸில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, தோர்தோனின் ஆகஸ்ட் மாதம் முழுவதையும்விட மேல்.

ஆனால் ஆள் குறைவாக இருப்பதால்தான் சாலை அமைதியாக இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆள் இல்லாத இடத்தில் கடையும் இருக்காது. மேப்பில் ஊர்ப் பெயர் இருக்கிறதே, அங்கே ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்று போனால், ஒரு சர்ச், ஒரு போர் நினைவுச்சின்னம், மூடிய ஜன்னல்கள், அவ்வளவுதான். கடை உள்ள ஊரிலும் நண்பகல் 12, 12.30க்கு மூடினால் 2 மணிக்கோ 3 மணிக்கோதான் திறப்பார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேலும் திங்கள் முழுக்கவும் பல ஊர்களில் எதுவும் திறந்திருக்காது. உணவகங்களில் ஒன்றரை மணிக்குப் பிறகு போனால் சமையலறை மூடியாகிவிட்டது என்பார்கள். பாரீஸ் – ப்ரெஸ்ட் – பாரீஸ் 1200 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்குப் போய்வந்த நம்மூர் நண்பர்கள் சிலர், வடமேற்கில் இருக்கும் பிரெத்தான் கிராமங்களில் நள்ளிரவிலும் வீட்டு வாசலில் மேசை போட்டுக் காபியும் தண்ணீரும் தருவார்கள் என்று சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் அது 4 வருடத்துக்கு ஒருமுறை வரும் திருவிழா. மற்ற நாட்களில் அதே தெருவில் ஒரு நாய்கூட எட்டிப்பார்க்காது.

பிரெஞ்சு சைக்கிள் சுற்றுலாவின் முன்னோடியான வெலோசியோ (பால் தெ விவி, 1853–1930) பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்று சொல்லிவைத்தார். இந்தச் சாலைகளில் அதற்கு வழி, 11 மணிக்கே ரொட்டியும் சீஸும் பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதுதான். இதில் ஒரு நல்ல லாபமும் உண்டு. கடைகள் மூடியிருக்கும் அந்த இரண்டு மணி நேரம் நாடே சாப்பாட்டு மேசையில் இருக்கும், சாலைகள் காலியாகிவிடும். தவிர்க்க முடியாத மஞ்சள் சாலைத் துண்டை அந்த நேரத்தில் ஓட்டி முடித்துவிட்டு, அப்புறம் ஒரு மரத்தடியில் பொட்டலத்தைப் பிரியுங்கள்.

தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கலாம், ஆனால் பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்வது இதுதான். வாசல் கேட்டுக்குப் பக்கத்திலோ நடுப்பாதையிலோ ஒரு குழாய் இருக்கும், செடிக்கு ஊற்றுகிற வாளிகள் அங்கேயே தொங்கும். பெரும்பாலும் அது ஊர்க் குடிநீர்க் குழாய்தான். ‘ஓ நோன் பொத்தாபிள்’ (குடிநீர் அல்ல) என்று பலகை இருந்தால் குடிக்கக் கூடாது. உறைபனிக்குப் பயந்து குளிர்காலத்தில் அடைத்துவிடுவார்கள். சைக்கிளை வெளியே சாத்திவிட்டுச் சத்தமில்லாமல் போய் நிரப்பிக்கொண்டு, குழாயை இறுக மூடிவிட்டு வாருங்கள். யாராவது இருந்தால் முதலில் ‘போன்ஷூர்’. கடையிலும் தெருவிலும் அந்த வணக்கத்தைச் சொல்லாமல் நேராக விஷயத்துக்குப் போனால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

சாலையில் கவனிக்க வேண்டிய பலகை ‘கிராவியோன்’, அதாவது சல்லி. கோடையில் சின்னச் சாலைகளுக்குத் தாரைத் தெளித்து அதன்மேல் சல்லியைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். போகிற வண்டிகளின் டயர்தான் அதை அழுத்த வேண்டும். முதல் சில நாட்கள் சல்லி உதிரியாகவே கிடக்கும். இறக்கத்தில், வளைவில், முன்சக்கரம் வழுக்கினால் பிடிக்க முடியாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கார் டயர் போன தடத்திலேயே ஓட்டுங்கள். கிராமத்துக்குள் இன்னொன்று: வேறு பலகை இல்லாவிட்டால் வலது பக்கச் சந்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. அவர் நின்று பார்க்காமல் வருவார், அது அவர் உரிமை.

சட்டம் சுருக்கமாக. ஊருக்கு வெளியே இரவிலும் வெளிச்சம் குறைந்தபோதும் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டினால் 135 யூரோ அபராதம். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம். காட்டுச் சாலையில் ‘ஷாஸ்’ (வேட்டை) பலகை கண்டால் பளிச்சென்ற உடை போட்டிருப்பது நல்லது.

கடைசியாக, பெரிய நகரத்திலிருந்தே மிதித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். டெர் எனப்படும் வட்டார ரயில்களில் பெரும்பாலும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. கோடையில் சில வழித்தடங்களில் முன்பதிவு வேண்டும். கால அட்டவணையில் நீங்கள் பார்த்த ‘ரயில்’ உண்மையில் பேருந்தா என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சின்ன ஊர்களுக்குப் பல நேரங்களில் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்தே ஓடுகிறது, அதில் சைக்கிளை ஏற்ற மாட்டார்கள். திரும்பும் நாளுக்கு ரயில் நிற்கும் நிலையம் எது என்று முதலிலேயே பார்த்து, பாதையை அங்கே முடியும்படி போட்டுக்கொள்ளுங்கள்.