சைடு குவெஸ்ட் சண்டையில் கெடுவதில்லை

மதுரையில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி ஆடும் கேமிங் சென்டர்களில் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தால் ஒன்று புரியும். பெரிய பெரிய பாஸ்களை, அதாவது கேமின் முக்கிய எதிரிகளை, அடித்துப் போடும் பையன்கள்கூட சைடு குவெஸ்ட் எனும் மெயின் கதைக்கு வெளியே வரும் கிளை வேலைகளில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். கை வேகத்தில் குறை இல்லை. மீட்டர் ஓடுகிறதே என்ற அவசரத்தில், எதிரே நிற்கிற ஆள் வாயைத் திறந்ததும் ஸ்கிப் பட்டனைத் தட்டிவிடுகிறார்கள். மாயாஜால உலகில் ஒரு பாத்திரமாக ஆடும் ஃபேண்டஸி ஆர்பிஜி கேம்களில் சைடு குவெஸ்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் பேச்சைக் கேட்காததால், இல்லையென்றால் நேரம் தப்பிப் போவதால்.

எல்டன் ரிங் என்ற கேமையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குவெஸ்ட் பட்டியல் என்று ஒன்று கிடையவே கிடையாது. யாருக்கு என்ன வேண்டும், அடுத்து எங்கே போவார் என்பதெல்லாம் அவரவர் பேச்சில்தான் இருக்கும். ஒருவர் சொன்னதையே திரும்பச் சொல்லும்வரை அவரிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பாதியில் நகர்ந்தால் அடுத்த கட்டம் திறக்காமலே நின்றுவிடலாம். தெரிந்த பையன் ஒருவன் புலம்பினான்:

“அண்ணே, மிஸ்ட்வுட் காட்டுல ஒருத்தன் இடிஞ்ச சுவத்து மேல நின்னு ஊளையிட்டுக்கிட்டே இருக்கான். இறங்கவே மாட்டேங்கிறான்ணே.”

“அந்த ஊளையக் கேட்டப்புறம் காலேகிட்டப் போய்ப் பேசினியாடா?”

“போனேன்ணே. அம்பு வாங்கிட்டு வந்துட்டேன்.”

ஊளைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு எல்லே தேவாலயத்தில் இருக்கும் வியாபாரி காலேயிடம் போனால், பேச்சில் அதற்கென்று ஒரு பகுதி வரும். அதைக் கேட்டால்தான் விரல் சொடுக்கும் சைகை கிடைக்கும். திரும்பி வந்து அந்தச் சுவருக்குக் கீழே நின்று சொடுக்கினால் ஊளையிட்ட அந்தப் பிளைட் கீழே குதித்து இறங்கி வந்து பேசுவான். கடைக்காரன்தானே என்று பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு அவன் ஊளையிடுகிற ஓநாயாகவே இருந்துவிடுவான்.

ஆட்களும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. எதிர்சேவை முடிந்து, ஆற்றில் இறங்கி, அழகர் வண்டியூருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தல்லாகுளத்தில் நின்று தேடுகிற கதைதான். 2022 பிப்ரவரியில் கேம் வந்தபோது இது இன்னும் மோசம். அடுத்த மாதமே வந்த 1.03 பேட்ச் என்ற திருத்தப் பதிப்புதான், சந்தித்த ஆட்களின் இடத்தை மேப்பில் பெயரோடு காட்டியது. அதே பேட்ச் நெஃபெலி, டயலாஸ், கென்னத் ஹைட், வாயிற்காவலன் கோஸ்டாக் ஆகியோரின் கதைகளில் புதிய கட்டங்களையும் சேர்த்தது. அதனால் யூடியூபில் வழிகாட்டி வீடியோ தேடுகிறவர்கள் அது எந்தத் தேதியில் போட்டது என்று பார்ப்பது நல்லது. முதல் வார வீடியோக்களில் “இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை” என்று சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அது உண்மை.

நேரம் தப்பிப் போவது தனிக் கதை. பெரும்பாலான கேம்களில் மெயின் ஸ்டோரி ஓரிடத்தைத் தாண்டியதும் பின்னால் கதவு சாத்திக்கொள்ளும். எல்டன் ரிங்கில் மாலிகெத்தை வீழ்த்தியதும் தலைநகர் லெய்ண்டெல் சாம்பலாகிவிடும். அங்கே பாக்கி வைத்த வேலை வைத்ததுதான். தி விட்சர் 3இல் ஐல் ஆஃப் மிஸ்ட்ஸ் தீவுக்குக் கிளம்பும் முன் சில குவெஸ்டுகள் தோற்றதாகிவிடும் என்று கேமே எச்சரிக்கை காட்டும். அதைப் படிக்காமல் ஓகே கொடுப்பவர்கள்தான் அதிகம். அதற்காக எல்லாவற்றையும் கடைசிவரை தள்ளிவைக்கவும் முடியாது. அந்தக் கேமில் ஒரு குவெஸ்டுக்குப் போட்டிருக்கும் லெவலைவிட 6 லெவல் மேலே போய்விட்டால் அது சாம்பல் நிறமாகும், கிடைக்கும் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) பெயருக்குத்தான் இருக்கும்.

பால்டர்ஸ் கேட் 3இல் கதவைச் சாத்துவது தூக்கம். வாக்கீன்ஸ் ரெஸ்ட் சத்திரம் எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ‘காலையில் வருவோம்’ என்று லாங் ரெஸ்ட் போட்டால் உள்ளே சிக்கியவர்கள் பிழைக்க மாட்டார்கள். கிரிம்ஃபோர்ஜில் பாறைச் சரிவுக்குப் பின்னால் விஷப்புகையில் மாட்டியிருக்கும் நியர் என்ற ஆளும் அப்படித்தான். அந்தக் கேமில் எல்லா வேலைக்கும் அவசரம் கிடையாது, இஷ்டம்போலத் தூங்கலாம். ஆனால் தீ, விஷம், தூக்குமேடை என்று கண்ணெதிரே ஒன்று நடந்தால் மட்டும் படுக்கையை விரிக்காதீர்கள். அப்புறம், துப்பு வைத்திருக்கிற ஆளை நீங்களே வெட்டிப்போட்டுவிட்டு, ‘பிணத்தோடு பேசும் மந்திரம் இருக்கே’ என்று நம்பினால் அதுவும் நடக்காது. தன்னைக் கொன்றவனிடம் பிணம் பேசாது. உருவத்தை மாற்றிக்கொண்டு போனால் பேசும்.

எனக்குப் பெரிய தவறாகத் தோன்றுவது வேறு. திரையில் ‘முடிந்தது’ என்று வந்துவிட்டால் சரியாக முடிந்தது என்று நம்பிவிடுவது. விட்சர் 3இல் கெய்ரா மெட்ஸ் என்ற மந்திரக்காரி ஒரு மந்திர விளக்கைக் கொடுத்து ஃபைக் தீவின் கோபுரத்துக்கு அனுப்புவாள். அங்கே அனபெல் என்ற பெண்ணின் ஆவி, தன் எலும்புகளைக் காதலன் கிரகாமிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லும். கேட்கப் பாவமாக இருக்கும். கொடுத்தால் குவெஸ்ட் முடியும். ஆனால் அது நோய் பரப்பும் பேய். கோபுரத்தைவிட்டு வெளியேற நீங்கள்தான் வண்டி. பிறகு அந்தக் குடிசைக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் கிரகாம் செத்துக் கிடப்பான். கிரகாமையே கோபுரத்துக்கு அழைத்துவந்தால் சாபம் நீங்கும், அவன் அதிலும் உயிரோடு மிஞ்சுவதில்லை, ஆனால் பேய் வெளியே போகாது. இரண்டுக்கும் திரையில் வரும் எழுத்து ஒன்றுதான். கோபுரத்தில் மற்ற ஆவிகளின் பேச்சை விளக்கை உயர்த்திக் கேட்டுக்கொண்டே ஏறியவருக்கு அனபெல்மேல் ஒரு சந்தேகமாவது வந்திருக்கும்.

ஸ்கைரிம் கேமில் விண்ட்ஹெல்ம் நகரத்துக் கொலைகளும் இதே ரகம். அவசரப்பட்டு மந்திரவாதி வூன்ஃபெர்த்தைக் கைகாட்டினால் அவரைச் சிறையில் போடுவார்கள், கொலைகள் நிற்காது. அங்கே கிடைக்கும் விசித்திரமான தாயத்தைப் பழம்பொருள் கடைக்காரன் கலிக்ஸ்டோ 500 பொற்காசு தந்து வாங்கிக்கொள்ள முன்வருவான். காசைப் பார்க்காமல், ஒரு தாயத்துக்கு ஏன் இத்தனை ஆர்வம் என்று யோசியுங்கள்.

சின்ன வேலை என்று ஒதுக்குவதையும் சொல்ல வேண்டும். விட்சர் 3இன் ஒயிட் ஆர்ச்சர்டில் ஒரு கிழவி தன் வாணலியை மீட்டுத் தரச் சொல்வாள். சிரித்துவிட்டு நகர்கிறவர்கள் உண்டு. பூட்டிய அந்தக் குடிசைக்குள் ஒரு பிணம், ஒற்றைக்கண் கண்ணாடி, பளபளவென்று சுரண்டிய வாணலி. அந்தக் கரியில் மை தயாரித்திருக்கிறார்கள் என்று நாம் ஆடும் ஹீரோ கெரால்ட் கண்டுபிடிப்பான். கிழவிக்கோ வாணலி சுத்தமாகத் திரும்பியதே போதும்.

கடைசியாக சேவ். பால்டர்ஸ் கேட் 3இலும் ஸ்கைரிமிலும் கம்ப்யூட்டரில் எஃப்5 தட்டினால் போதும், சேவ் ஆகிவிடும். ஆட்டோசேவை நம்பாமல், முக்கியமான ஆளிடம் பேசும் முன் தனியாக ஒரு சேவ் போடுங்கள். எல்டன் ரிங்கில் அந்த வசதி இல்லை. கேம் தானே சேவ் செய்துகொண்டே போகும், பின்னால் போக வழி விடாது. அங்கே தவறி ஒரு அடி விழுந்து ஆள் எதிரியாகிவிட்டால், உயிரோடு விட்டுவிட்டுச் சர்ச் ஆஃப் வவ்ஸுக்குப் போய் செலஸ்டியல் டியூ என்ற பொருளைக் கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம். கொன்றுவிட்டால் அதுவும் இல்லை. அப்புறம், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் உங்கள் ஏரியா பெயர் வந்திருந்தால், காலை 9 மணிக்குக் கரண்ட் போகும் முன்பே சேவ் போட்டு வெளியே வந்துவிடுங்கள்.