கார் ஏ.சி. பைப்பை வீட்டில மாத்தப் போறியளோ? நான் விட்ட பிழையளை நீங்களும் விடாதேங்கோ

போன கிழமை பரந்தன் பக்கமிருந்து ஒரு தம்பி போன் எடுத்தவன். காரின்ர ஏ.சி. பைப்பில ஓட்டையாம், யூடியூப் பாத்து தானே கழட்டிப்போட்டானாம், புதுப் பைப் கொழும்பில இருந்து பஸ்ஸில வரவேணுமாம், வர நாலஞ்சு நாள் செல்லுமாம், "அதுக்கிடையில வேற என்ன வேலை பாக்கலாம் அண்ணை?" எண்டு கேக்கிறான். கழட்டின வாயை என்னத்தால மூடினனீ தம்பி எண்டு கேட்டன். மூடேல்லை எண்டான். எனக்குப் பதறிப்போட்டுது, ஏனெண்டால் இதே பிழையை இதே மாதிரி விட்டு நான் பட்டனான்.

எங்கட பக்கத்தில இந்த வேலை பழகினது பிந்தித்தான். சண்டைக்காலத்தில வன்னிக்குள்ள வாகனம் ஓடினதே மண்ணெண்ணையில, ஸ்டார்ட் பண்ணுற அளவுக்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஓட்டின சனம் நாங்கள், அதுக்குள்ள ஏ.சியை ஆர் நினைச்சது. அதால எனக்குச் சொல்லித்தர மூத்த ஆள் ஒருத்தரும் இருக்கேல்லை, சாமானைப் பழுதாக்கிப் பழுதாக்கித்தான் பழகினனான். இப்ப பழகிற பெடியளுக்கு அந்தச் செலவு வரக்கூடாது எண்டுதான் இதை எழுதுறன். கண்ணாடி போடு, எஞ்சின் ஆறட்டும், ஃபான் பெல்ற்றில கை வைக்காதை எண்ட கதையள் உங்களுக்கே தெரியும், அதை விடுவம்.

காஸ் உள்ள இருக்க நட்டைத் திறக்கிறது

"கொஞ்சந்தானே கிடக்கு, ஊத விட்டால் போச்சு" எண்டு கன பேர் செய்யினம். ஏ.சிக்குள்ள சுத்துற ஆர் 134 ஏ காஸ் வெளிக்காத்தில கொதிக்கிறது மைனஸ் 26 பாகையில, அது திரவமாப் பீச்சி விரலில பட்டால் தோல் உறைஞ்சு வெள்ளையாப் போயிடும், கண்ணில பட்டால் பிறகு கதைக்க ஒண்டுமில்லை. அதோட இந்தக் காஸ் ஒரு கிலோ வெளியில போறது 1430 கிலோ கரியமில வாயு போற அளவுக்குப் பூமியைச் சூடாக்கும், அப்ப ஒரு சின்னக் காரின்ர அரைக் கிலோவே 700 கிலோவுக்கு மேல. மெசின் உள்ள கராஜ்ஜுக்குக் காரைக் கொண்டுபோய் காஸை இழுத்து எடுப்பிச்சுப்போட்டு வாங்கோ. பைப் மாத்திறதைத்தான் வீட்டில செய்யலாம், இதை வீட்டில செய்யேலாது.

புதுச் சாமான் கையில வர முன்னம் லைனைத் திறக்கிறது

இதைப்பற்றி நான் கொஞ்சம் கூடக் கதைப்பன், குறை நினைக்காதேங்கோ. இத்தனை வருசம் போயும் இது எனக்கு ஆறேல்லை.

அப்ப என்னட்ட நிண்டது ஒரு 121 கொரோலா. சக்சன் பைப், அதுதான் கொம்பிரசருக்குத் திரும்பி வாற மொத்தப் பைப், மடிப்புக்கிட்ட கசிவு. கண்டுபிடிக்க மினக்கெடேல்லை, எங்கட கிரவல் ரோட்டுச் செம்புழுதி ஒயில் கசியிற இடத்தில அப்பிடியே ஒட்டிப் பிடிச்சிருக்கும், பைப் முழுக்கச் சாம்பல் நிறமா இருக்க ஒரு இடம் மட்டும் சிவந்து பிசுபிசுத்தால் அதுதான் இடம். ஒரு சனிக்கிழமை பின்னேரம், திங்கள் புதுசு வந்திடும் எண்ட நம்பிக்கையில பழசைக் கழட்டினன். கார்த்திகை மாசம், மழை பிடிச்சால் விடாது. திங்கள் வந்த பைப் வேற மொடலின்ர, வளைவு சரியில்லை. அதைத் திருப்பி அனுப்பி, கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடையளில ஆள் பிடிச்சுத் தேடி, சரியான பைப் வந்து சேர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் லைனின்ர ரெண்டு வாயும் ஒரு சொப்பின் பையும் ரப்பர் பாண்டும் போட்டுக் கட்டினபடி கொட்டிலுக்குள்ள கிடந்தது. சுவரே வேர்க்கிற ஈரம் அண்டைக்கு.

பைப் வந்த சந்தோசத்தில பூட்டினன். டிரையரை, அதுதான் லைனுக்குள்ள ஈரத்தைப் பிடிக்கிற டப்பாவை, மாத்தேல்லை, ஏனெண்டால் வெளியில பாக்க அது புதுசு மாதிரித்தான் இருந்தது. பழைய பிரிஜ் கொம்பிரசர் ஒண்டை வச்சுப் பத்து நிமிசம் வக்கியூம் பிடிச்சன், அதுதான் லைனுக்குள்ள இருக்கிறதை இழுத்து வெறுமையாக்கிறது, வக்கியூம் காட்டுற கேஜ் 26 இஞ்சியில நிண்டது, காணும் எண்டு காஸை ஏத்தினன். அப்பிடி ஒரு குளிர். வீட்டில எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினனான்.

அடுத்த கிழமை வவுனியாவுக்கு வெளிக்கிட்டம். முறிகண்டியில கற்பூரம் கொளுத்தீட்டு ஏறும்வரைக்கும் நல்ல குளிர், மாங்குளம் தாண்ட வெறும் காத்துத்தான் வருது, குளிர் இல்லை. புளியங்குளத்தில நிப்பாட்டித் தேத்தண்ணி குடிச்சிட்டுத் திருப்பி ஸ்டார்ட் பண்ண மறுபடி குளிருது, இருபது நிமிசத்தில திருப்பியும் போட்டுது. நான் என்ன நினைச்சன் எண்டால் காஸ் காணாது எண்டு. வந்து இன்னும் கொஞ்சம் ஏத்தினன். அது இன்னும் மோசம்.

நடந்தது இதுதான். பைப்புக்குள்ள போன ஈரம் காஸோட சேர்ந்து சுத்துது, எக்ஸ்பான்சன் வால்வின்ர ஊசித்துவாரம் மாதிரி ஓட்டைக்குள்ளால வெளிப்படேக்க சடாரெண்டு குளிர்ந்து அதிலயே ஐஸாக் கட்டிப்போடும். வழி அடைபட்டால் குளிர் நிக்கும், லோ பக்கத்துக் கேஜ், அதுதான் கொம்பிரசருக்குத் திரும்பி வாற பக்கத்து அமத்தம் காட்டுறது, வக்கியூமுக்குள்ள இறங்கும். நிப்பாட்டினால் ஐஸ் உருகும், திருப்பி வேலை செய்யும். இப்பிடி வந்து வந்து போற குளிரைக் கண்டால் காஸைக் கூட்டாதேங்கோ, முதல் ஈரத்தைச் சந்தேகப்படுங்கோ.

ஐஸ் கட்டுறதோட நிண்டால் பறவாயில்லை. கொம்பிரசருக்கு வழுக்கல் குடுக்க ஏ.சிக்குள்ள இருக்கிற பாக் (PAG) ஒயில் இருக்கெல்லோ, அது காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சி எடுக்கிற சாமான், போத்தில் மூடியைத் திறந்து வச்சாலே பழுது. ஈரமும் ஒயிலும் காஸும் சூட்டில கிடந்து வேக அமிலம் உண்டாகும், அது அலுமினியத்தை அரிக்கும். டிரையருக்குள்ள இருக்கிற மணியள் அந்த ஈரத்தைப் பிடிக்கத்தான் இருக்குது, ஆனால் அதுகள் பிடிக்கிறது கொஞ்ச அளவுதான், ஒன்பது நாள் திறந்து கிடந்தால் ஊர்க்காத்தின்ர ஈரத்தைக் குடிச்சு நிறைஞ்சுபோய்க் கிடக்கும், பிறகு பூட்டி என்ன பிரியோசனம். சித்திரைக்கு முன்னமே கொம்பிரசர் கறகறக்கத் தொடங்கி, ஒருநாள் அப்பிடியே இறுகிப்போச்சு. திறந்து பாத்தால் ஒயில் கறுத்து, அலுமினியப் பொடி மினுங்குது. அந்தப் பொடி கொண்டென்சருக்குள்ளயும், அதுதான் முன்னால காஸை ஆத்துற தட்டு, போட்டுது. இப்பத்தைய கொண்டென்சருகளில குழாய் மயிர் மாதிரி மெல்லிசு, எவ்வளவு கழுவினாலும் பொடி முழுக்க வராது, அதையும் மாத்தத்தான் வேணும். ஒரு பைப்புக்காக வெளிக்கிட்டு கொம்பிரசர், கொண்டென்சர், வால்வ், டிரையர் எண்டு முழு ஏ.சியையும் நான் வாங்கினன். அந்தக் காசில ரெண்டு ஏக்கர் வயல் விதைச்சிருக்கலாம்.

பத்து நிமிச வக்கியூம் ஏன் காணாது எண்டதையும் சொல்லோணும். வக்கியூம் பிடிக்கிறது காத்தை எடுக்க மட்டுமில்லை, தண்ணியைக் கொதிக்க வச்சு ஆவியாக்கி இழுக்கத்தான். வெளியில 30 பாகை எண்டால், கேஜ் 28.7 இஞ்சியைத் தாண்டினால்தான் உள்ள இருக்கிற தண்ணி அந்த வெக்கையில கொதிக்கும். 26 இல நிண்டால் தண்ணி கொதிக்க 50 பாகைக்கு மேல சூடு வேணும், அப்ப எங்க கொதிக்கிறது, அப்பிடியே கிடக்கும். சரியான வக்கியூம் பம்ப் 29க்கு மேல இழுக்கும், அதில குறைஞ்சது முக்கால் மணித்தியாலம் விடுங்கோ, லைன் திறந்து கிடந்ததெண்டால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல. பம்ப்பின்ர ஒயில் பால் மாதிரி வெளுத்தால் அதுக்குள்ள தண்ணி வந்திட்டுது, மாத்திப்போட்டுத் திருப்பி ஓட்டுங்கோ.

இப்ப நான் செய்யிற முறை இதுதான். பழைய பைப் காரில இருக்கேக்கயே நாலு பக்கமும் போட்டோ எடுத்து, வாய் அளவு, வளைவு எல்லாம் அளந்து அனுப்புவன். புதுசு வந்து, பழசுக்குப் பக்கத்தில பிடிச்சுப் பாத்து, சரி எண்டால்தான் ஸ்பனரை எடுப்பன். டிரையர், பைப் வாயில போடுற ஓ ரிங் எண்ட ரப்பர் வளையம், சீல் உடைக்காத ஒயில் போத்தில் எல்லாம் மேசையில இருக்கோணும், வக்கியூம் பம்ப் எண்டைக்கு எத்தனை மணிக்கு எண்டும் பேசி வச்சிருக்கோணும். விடியத் திறந்து மத்தியானத்துக்குள்ள மூடுறது. சோளகம் அடிக்கிற காலத்தில முத்தத்தில வச்சுச் செய்யிறதே இல்லை, அந்தப் புழுதியில ஒரு மண் பொட்டு உள்ள போனாலும் வால்வுக்குக் காணும். புதுப் பைப்பின்ர மூடியைப் பூட்டுற நிமிசம் வரைக்கும் கழட்டாதேங்கோ, பழசைக் கழட்டத் திறபடுற வாய்க்கு ரப்பர் அடைப்பு வச்சு மேல ரேப் சுத்துங்கோ. டிரையரைக் கடைசிச் சாமானாப் பூட்டுங்கோ.

வக்கியூம் நிண்டால் ஓட்டை இல்லை எண்டு நினைக்கிறது

பம்ப்பை நிப்பாட்டி அரை மணித்தியாலம் முள்ளு இறங்காமல் நிண்டால் நல்லதுதான். ஆனால் வக்கியூமில பைப்பின்ர மேல விழுற அமத்தம் 15 பி.எஸ்.ஐ. கூட இல்லை, வெயிலுக்க ஏ.சி. ஓடேக்க ஹை பக்கத்தில, அதுதான் கொம்பிரசர் காஸை அமத்தி அனுப்புற பக்கத்தில, 200க்கு மேல போகும், அதுவும் உள்ள இருந்து வெளியில தள்ளுற அமத்தம். ஓ ரிங்கை வெளிக்காத்து அமத்தி வச்சிருக்கிறதால வக்கியூமில சில கசிவு காட்டவே காட்டாது. வக்கியூமுக்கு முன்னம் நைட்ரஜன் அடிச்சு 150க்குக் கொண்டுவந்து சவுக்கார நுரை பூசிப் பாருங்கோ.

ரயருக்குக் காத்தடிக்கிற கொம்பிரசரால சோதிக்காதேங்கோ, அது ஈரக்காத்து. ஒட்சிசன் சிலிண்டரைக் கிட்டயும் கொண்டு வராதேங்கோ, ஒயிலோட சேர்ந்தால் வெடிக்கும்.

பழைய ஓ ரிங்

மாத்துங்கோ. ஏ.சிக்கெண்டு வாறதைத்தான், அளவு பாத்து. சாதாரண ரப்பர் ரிங் இந்தக் காஸுக்கும் ஒயிலுக்கும் ஊதிப் பழுதாகும். பூட்ட முன்னம் ஏ.சி. ஒயில் ஒரு துளி பூசுங்கோ, கிறீஸ் வேண்டாம்.

ஹைபிரிட் காருக்குப் பாக் ஒயில்

அக்குவா, பிரியஸ், அக்சியோ ஹைபிரிட் வச்சிருக்கிறவை இதைக் கவனமா வாசியுங்கோ. அதுகளின்ர கொம்பிரசர் பெல்ற்றில ஓடுறதில்லை, உள்ளுக்க மோட்டர் இருக்கு, ஹை வோல்ற் கரண்ட் அந்த ஒயிலுக்குள்ளயே நிக்குது. அதுக்கு எண்டு மின்சாரம் கடத்தாத ஒயில், என்.டி. 11 எண்டு வரும். பாக் ஒயில் கொஞ்சம் கலந்தாலே கரண்ட் கசியத் தொடங்கி கொம்பிரசரும் போகும், கார் ஹைபிரிட் எரர் காட்டி நடுறோட்டில நிண்டாலும் நிக்கும். மற்றக் காருக்குப் பாவிச்ச கேஜ் ஹோஸுக்குள்ள தங்கியிருக்கிற ஒயில் கூடப் போகக்கூடாது. செம்மஞ்சள் வயரைக் கண்டால் கை வையாதேங்கோ. ஹைபிரிட்டை வீட்டில செய்யாதேங்கோ எண்டுதான் நான் சொல்லுவன்.

பழைய பைப் ஏன் போனது எண்டு பாக்காமல் புதுசைப் பூட்டுறது

பைப் சும்மா ஓட்டையாகாது. அனேகமா ஒரு கிளிப் கழண்டு போய், பைப் ஏதோ ஒரு இரும்பில உரஞ்சி உரஞ்சி அலுமினியம் தேய்ஞ்சிருக்கும். அல்லாட்டி எஞ்சின் மவுண்ட் தொய்ஞ்சு, கியர் மாத்தேக்க எஞ்சின் துள்ள, அதோட சேர்ந்து ஹோஸ் இழுபட்டு மடிப்பில வெடிச்சிருக்கும். குண்டும் குழியுமான உள்ரோட்டில ஓடுற எங்கட வாகனங்களில மவுண்ட் தான் முதல் போறது. ஒராளை உள்ள இருத்தி, பிரேக்கை மிதிச்சுக்கொண்டு கியரில போடச் சொல்லி, நீங்கள் விலகி நிண்டு பொனட்டுக்குள்ள பாருங்கோ, எஞ்சின் எவ்வளவு துள்ளுது எண்டு தெரியும். மவுண்டைப் பாக்காமல் பைப்பை மாத்தினால் அடுத்த வருசமும் அதே இடத்தில புழுதி ஒட்டும்.

கேஜ்ஜில 90 காட்டுது, காஸ் நிறைஞ்சிட்டுது

இல்லை. வண்டி நிக்கேக்க 30 பாகை வெக்கையில ஆர் 134 ஏ காஸின்ர அமத்தம் 97 பி.எஸ்.ஐ. அளவில இருக்கும், உள்ள 100 கிராம் திரவம் கிடந்தாலும் அதுதான், 500 கிராம் கிடந்தாலும் அதுதான். பொனட்டுக்குக் கீழ ஸ்டிக்கரில கிராம் கணக்கு இருக்கும், தராசில வச்சு நிறுத்து ஏத்துங்கோ. புது வண்டியெண்டால் எந்தக் காஸ் எண்டதையும் அதிலயே பாருங்கோ, 1234 வை.எஃப். எண்டு போட்டிருந்தால் 134 ஏயை ஏத்தேலாது.

ஓட்டை அடைக்கிற மருந்து

வேண்டாம். வால்வையும் அடைக்கும்.

ஓட்டையில எப்பொக்சிப் பசை பூசிறது

ஹை பக்கத்தில நிக்காது.

ஏ.சி. காஸுக்குப் பதிலாச் சமையல் காஸ்

தீப்பிடிக்கிற சாமானைப் பிள்ளையள் இருக்கிற காருக்குள்ள ஊதுற கூலிங் கொயிலுக்குள்ள விடாதேங்கோ.

அந்தப் பரந்தன் தம்பிக்கு அண்டைக்கே ரெண்டு வாயையும் ரப்பர் வச்சு மூடுவிச்சன், பைப்போட டிரையரையும் சேர்த்து அனுப்பச் சொல்லி கடைக்காரரோட நானே கதைச்சன். வியாழன் விடிய பார்சல் வந்தது. பம்ப்பை ஒண்டரை மணித்தியாலம் ஓட விட்டம், ஒருக்கா பம்ப் ஒயில் வெளுத்தது, மாத்தினம். பிறகு நிப்பாட்டி அரை மணித்தியாலம் ரெண்டு பேரும் கேஜ்ஜுக்குப் பக்கத்திலயே இருந்தம், முள்ளு 29ஐ விட்டு அசையேல்லை.