கியூவுக்கு வராமலே தொலைந்த ஓர்டர்கள்

வெள்ளவத்தைக் கடைகளின் ஓர்டர்கள் மட்டும் டெலிவரிப் பக்கம் வந்து சேரவில்லை. கொழும்பின் மற்ற இடங்களுக்கு எல்லாம் சரி. புரோகிராம்களுக்கு இடையே மெசேஜ்களைக் கொண்டுசேர்க்கும் ரபிட்எம்கியூவில் கியூ (மெசேஜ்கள் காத்திருக்கும் வரிசை) காலி, லொக்கில் பிழையே இல்லை.

எந்த மெசேஜ் எந்தக் கியூவுக்குப் போகும் என்று சொல்லும் பைண்டிங்கைப் பார்த்ததும் பிடிபட்டது. மெசேஜோடு வரும் ரூட்டிங் கீயை (புள்ளியால் பிரித்த சொற்கள் கொண்ட முகவரி) பைண்டிங்கோடு ஒப்பிட்டு அனுப்புவது டொபிக் எக்ஸ்சேஞ்ச். அதில் நட்சத்திரக் குறி (*) ஒரே ஒரு சொல்லுக்குத்தான் பொருந்தும். வெள்ளவத்தைக்குப் புதிதாகக் கடைப் பெயரும் சேர்ந்ததால் ரூட்டிங் கீயில் ஒரு சொல் கூடிவிட்டது. பொருந்தும் கியூ இல்லாத மெசேஜை ரபிட்எம்கியூ சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். இதில் கொடுமை, மெசேஜ் கிடைத்ததா என்று அனுப்பியவருக்குச் சொல்லும் பப்ளிஷர் கன்ஃபர்ம் போட்டிருந்தாலும் 'கிடைத்தது' என்றே பதில் வரும்!

பைண்டிங்கில் நட்சத்திரத்தை ஹாஷ் குறியாக (#) மாற்றினேன். அது எத்தனை சொல்லுக்கும் பொருந்தும். அப்புறம் ஆல்டர்நேட் எக்ஸ்சேஞ்ச் ஒன்று வைத்தேன். வழி கிடைக்காத மெசேஜ்கள் இப்போது தனிக் கியூவில் விழுகின்றன. தொலைந்தவற்றை டேட்டாபேஸிலிருந்து எடுத்துத் திரும்ப அனுப்பினோம்.