பாட்டியின் தலையைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம்

திண்ணையில் பாட்டி பூத்தொடுக்கும் படம். பின்னால் கொடியில் காயும் துணிகளை மங்கலாக்க, கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் படத்தின் லேயரை (அடுக்கை) நகலெடுத்துக் கீழ் லேயருக்கு காசியன் பிளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுத்தேன். மேல் லேயரில் மாஸ்க் (வெள்ளை உள்ள இடத்தைக் காட்டி, கறுப்பு உள்ள இடத்தை மறைக்கும் திரை) போட்டுப் பாட்டியை மட்டும் விட்டுவைத்தேன். தலையைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் வந்துவிட்டது!

பிளர் பக்கத்துப் புள்ளிகளைக் கலப்பதால், நரைமுடியின் வெள்ளை பின்னணியில் கசிந்திருந்தது. அதனால் கீழ் லேயரில் முதலில் குளோன் கருவியால் சுவரையும் துணிகளையும் எடுத்துப் பாட்டியின் மேல் பூசி மறைத்தேன். அப்புறம் பிளர். வளையம் போயேபோச்சு. காதோர முடிக்கு மட்டும் மாஸ்க்கில் மென்மையான பிரஷ்.

ஆனாலும் பாட்டி அந்தரத்தில் மிதப்பதுபோல் இருந்தது. அவர் உட்கார்ந்த தரையும் கூடவே மங்கியதுதான் காரணம். மாஸ்க்கில் தரைப்பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, வெள்ளையிலிருந்து கறுப்புக்கு கிரேடியன்ட் (படிப்படியாக மாறும் நிறம்) இழுத்தேன். பூக்கூடை தெளிவாகி, தரை பின்னே போகப்போக மங்கியது. மெழுகு பூசியதுபோல் வழவழவென்றிருந்த பின்னணியில் துளி நாய்ஸ் (பொடிப்புள்ளிகள்) சேர்த்தேன்.

கடைசியாகப் படத்தைச் சுற்றி பார்டர் போடுவது எளிது. லேயர்களை ஒன்றாக்கி, கேன்வாஸ் (படப்பரப்பு) அளவைக் கூட்டி வெள்ளை நிரப்பினால் போதும். எங்கள் சுண்ணாம்புச் சுவர் அதோடு கலந்துவிடும் என்பதால், முதலில் 4 பிக்சலுக்குச் சாம்பல் கோடு, பிறகு பக்கத்துக்கு 60 பிக்சல் வெள்ளை.