சீன மொழியில் ‘நாய்’: கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீன மொழியில் நாய்க்குரிய சொல் ‘கோவ்’. எச்.எஸ்.கே. என்னும் சீன மொழித்திறன் தேர்வின் ஆறு நிலைகள் கொண்ட பழைய வடிவில், முதல் நிலைக்குரிய 150 சொற்களிலேயே இது இருந்ததால், எளிய சொல் என்று பலரும் விரைந்து கடந்துவிடுகிறார்கள்.

சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் இச்சொல் ஆங்கில ‘ஜி’ எழுத்தில் தொடங்குவதைப் பார்த்து, ‘கோல்’ போடுவது என்கிறோமே, அந்த அதிர்வுள்ள ஒலியைத் தருவது முதல் தவறு. ‘கோவில்’ என்பதில் வரும் நம் வல்லினக் ககரமே இங்குப் பொருந்தும் என்பதால், தமிழருக்கு இது உண்மையில் சாதகமானது. ஆனால் மூச்சை வெடிப்போடு வெளியே விட்டால், அது ‘வாய்’ என்னும் வேறொரு சொல்லாகிவிடும்.

அதைவிடப் பெரிய இடர் தொனியில் இருக்கிறது. உயர்ந்த சமநிலையில் ஒலித்தால் ‘வடிகால்’ என்றும், மேலிருந்து சட்டென இறக்கினால் ‘போதும்’ என்றும் பொருள்படும் இந்த ஒலி, தாழ்ந்த மூன்றாம் தொனியில் மட்டுமே நாயைக் குறிக்கும். பாடநூல்கள் இத்தொனியை இறங்கி ஏறும் வளைவாக வரைவதால், கற்பவர்கள் ஒவ்வொரு முறையும் குரலை ஊஞ்சலாட்டுகிறார்கள். தொடர்பேச்சில் அந்த ஏற்றம் பெரும்பாலும் வராது, தாழ்வாகவே நின்றுவிடும். ‘சிறிய’ என்னும் சொல்லும் மூன்றாம் தொனியே என்பதால், ‘நாய்க்குட்டி’ என்னும்போது அந்த முதற்சொல் ஏறும் தொனிக்கு மாறிவிடுவதையும் சேர்த்தே பழக வேண்டும்.

எண்ணையும் நாயையும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது. இடையில் ‘ஜி’ என்னும் அளவைச் சொல் வேண்டும். மீன், ஆறு, கால்சட்டை போன்ற நீண்டவற்றுக்குரிய ‘தியாவ்’ என்பதும் நாய்க்கு வழங்குகிறது. இரண்டு நாய்கள் என்னும்போது, எண்ணிக்கை வரிசையில் வரும் ‘அர்’ அன்று, ‘லியாங்’ என்பதே சரி.

எழுதும்போது இடப்பக்க உறுப்பைக் கவனிக்க வேண்டும். மேலே இடப்புறமாகச் சரியும் கோடு, வளைந்த கொக்கி, மீண்டும் ஒரு சரிவு என்பது நாய் உறுப்பு. முதற்கோட்டைப் படுக்கையாக்கி, கொக்கியை நிமிர்த்தி, கடைசிக் கோட்டை மேல்நோக்கி இழுத்தால் அது கை உறுப்பாகி, எழுத்து ‘காவலில் வைத்தல்’ என்னும் பொருளுக்குத் தாவிவிடும். இரண்டிலும் மொத்தம் 8 கோடுகளே என்பதால், எண்ணிப் பார்த்துத் தப்பிக்கவும் வழியில்லை.